கொல்லையில மாங்கா தொங்குது, கையில மாங்கா ஃப்ளேவர் சிப்ஸ்

நேத்து மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுல நடந்தத எழுதி எறக்கி வச்சாதான் இன்னைக்கு தூக்கம் வரும்.

தங்கச்சி மகன் லீவுக்கு வந்திருக்கான், எட்டு வயசு, மெட்ராஸ்ல படிக்கிறான். பஸ்ஸுக்கு நிக்கும்போது பசிக்குது பெரியம்மான்னான். சரி முறுக்கோ கடலை உருண்டையோ வாங்கித் தருவோம்னு கடை கடையா ஏறி எறங்குறேன், ஏழு கடை பாத்துட்டேன், ஏழுலயும் முறுக்கு இல்ல. முறுக்கு போட்டு வைக்கிற கண்ணாடி பாட்டிலே இல்ல. வாசல்ல தோரணம் கட்டுன மாதிரி பாக்கெட்டு சரம் சரமா தொங்குது, பச்ச, நீலம், சிவப்பு, ஊதா, குனிஞ்சு எட்டிப் பாத்தாதான் கடைக்காரர் மூஞ்சியே தெரியுது. கடைசியில பையன் கை காட்டுனது ஒரு பச்ச பாக்கெட்டு. மேல மாங்கா படம், பக்கத்துல மிளகா படம். மாங்கா ஃப்ளேவர் சிப்ஸாம்.

சித்திரை மாசம்ங்க இது. எங்க கொல்லையில மாமரம் கிளை ஒடியிற மாதிரி காய்ச்சு கெடக்கு. அன்னைக்கு காலையிலதான் கிளிமூக்கு மாங்காய கீத்து போட்டு, உப்பும் மிளகாத்தூளும் தூவி இதே புள்ளைக்கு குடுத்தேன். ஒரு கடி கடிச்சுட்டு "ரொம்ப புளிக்குது"ன்னு தட்டுலயே துப்பிட்டான். இப்ப பஸ் ஸ்டாண்டுல அந்த பொடி தடவுன சிப்ஸ நக்கி நக்கி தின்னுட்டு, வெரல சூப்பிக்கிட்டே என்னைப் பாத்து சொல்றான்: "இதான் பெரியம்மா கரெக்டான மாங்கா டேஸ்ட்டு."

எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. புள்ள மேல கோவம் இல்ல, அவன் என்ன பண்ணுவான், அவனுக்கு முதல்ல அறிமுகமானது பொடிதான், அசல் வந்து ரெண்டாவதா நிக்குது. நிஜ மாங்கா இப்ப நகல் கிட்ட பரீட்சை எழுதி ஃபெயிலாகிப் போவுது. இத யாரும் பெரிய விஷயமா பேச மாட்டேங்குறாங்க, "காலம் மாறிடுச்சு, விடுங்க"ங்குறாங்க, எப்படிங்க விடுறது?

கண்ணாடிய போட்டுக்கிட்டு பாக்கெட்டு பின்னாடி இருக்குற பொடி எழுத்தெல்லாம் படிச்சேன். உருளைக்கிழங்கு, பாமாயில், சர்க்கரை, உப்பு, மால்டோடெக்ஸ்ட்ரின்ங்குற மாவுச்சத்துப் பொடி, அப்புறம் நம்பரா வருது, 330, 296, 627, 631. 330ன்னா சிட்ரிக் ஆசிட், 296ன்னா மாலிக் ஆசிட், புளிப்பு அங்கேர்ந்துதான் வருது. மாங்காவுலயும் இதே ஆசிட்டுங்கதான் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா மாங்காவுல தோலு மேல இருக்குற துவர்ப்பும், காம்புல வடியிற பால் வாசனையும், கொட்டைக்கு கிட்ட போகப்போக மாறுற ருசியும் இருக்கு, அதுக்கெல்லாம் நம்பர் கிடையாது. 627, 631 ரெண்டும் ருசிய தூக்கிக் குடுக்குற சமாச்சாரம், ஒண்ணு வாயில போட்டா அடுத்ததுக்கு கை தானா போறது அதனாலயும்தான். மாங்காங்குற வார்த்தைய அந்த லிஸ்ட் முழுக்க தேடுனேன். இல்ல. படத்துல மட்டும் சொட்ட சொட்ட இருக்கு.

அப்புறம் பாக்கெட்டுக்குள்ள உப்பலா அடைச்சிருக்குற அந்தக் காத்து. காத்துல இருக்குற ஆக்சிஜன் பட்டா எண்ணெய் பண்டம் சிக்கு வாடை அடிச்சிடும், அதனால நைட்ரஜன அடைக்கிறாங்க, லாரியில ஏத்தி எறக்கும்போது நொறுங்காம இருக்கவும் அதான் மெத்தை. காரணம் நியாயமான காரணந்தான். ஆனா பத்து ரூவா பாக்கெட்ட உள்ளங்கையில கொட்டி எண்ணிப் பாத்தேன், பதினோரு துண்டு. பதினொண்ணு! எங்க அப்பாயி, அதான் அப்பாவோட அம்மா, பக்கத்து வீட்டு புள்ளைக்கு கை நீட்டி குடுக்கும்போது கூட அதவிட அதிகமா குடுக்கும்.

சிப்ஸுன்னாலே எனக்கு ஆகாதுன்னு நெனச்சுக்காதீங்க. அதோட கதைய தேடித்தேடி படிச்சிருக்கேன், ஆசையா படிச்சிருக்கேன். இங்கிலாந்துல ரொம்ப நாளைக்கு ஃப்ளேவர்னே ஒண்ணு கிடையாது, சின்ன நீலக் காகிதத்துல உப்ப மடிச்சு பாக்கெட்டுக்குள்ள போட்டுடுவாங்க, வாங்குறவங்க பிரிச்சு தூவிக் குலுக்கிக்கணும். 1954ல அயர்லாந்துல டேட்டோ கம்பெனிய ஆரம்பிச்ச ஜோ மர்ஃபி, அவங்க ஊர்ல தின்ன சீஸையும் வெங்காயத்தையும் சிப்ஸ்ல கொண்டாந்தாரு. கனடாக்காரங்க கெட்ச்சப் சிப்ஸ் திங்குறாங்க, சீனாவுல வெள்ளரிக்கா சிப்ஸ் விக்குது, பிரிட்டன்ல 1981ல முள்ளெலி ஃப்ளேவர்னு கூட ஒண்ணு வந்துச்சு, உள்ள முள்ளெலியே இல்லியேன்னு அரசாங்கம் வரைக்கும் பஞ்சாயத்து போச்சு. 2009ல வாக்கர்ஸ் கம்பெனி ஜனங்ககிட்ட புது ஃப்ளேவர் சொல்லுங்கன்னு போட்டி வச்சப்ப கடைசி ஆறுல அணில் சிப்ஸ், சாக்லேட்டும் மிளகாயும் சேத்த சிப்ஸ், கூடவே நம்ம வெங்காய பஜ்ஜி! அங்க இருக்குறவன் வெங்காய பஜ்ஜி ருசி வேணும்னு சிப்ஸ்ல போட்டுக் கேக்குறான், அவனுக்கு அது ஒரு ஆசை, அவன் சாப்பாட்டுத் தட்டு அவன் வீட்டுல அப்படியேதான் இருக்கு. நம்ம கதை அப்படியா? இஞ்ச தட்டையே தூக்கிட்டு பொடிய மட்டும் வச்சுட்டுப் போயிட்டாங்க.

எங்க வயல்ல என்ன வெளையுது? நெல்லும் உளுந்தும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது நிக்கிற பயிருக்குள்ளயே உளுந்த தெளிச்சு விட்டுடுவாங்க, தனியா உழவு கிடையாது, வயல்ல மிச்சம் இருக்குற ஈரமும் பனியும் போதும், பங்குனி சித்திரைக்கெல்லாம் கைக்கு வந்துடும். முறுக்குங்குறது வேற என்னங்க? அதே வயலோட நெல்லு, அதே வயலோட உளுந்து. நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்துங்குறது எங்க அப்பாயி கணக்கு. அரிசிய ஊற வச்சு வேட்டியில நிழல்ல உலத்தி, உளுந்த வாசம் வர்ற வரைக்கும் செவக்காம வறுத்து, மெஷின்ல குடுத்து அரைக்கும்போது "முன்னாடி யாரு மிளகா அரைச்சது, கோதுமை அரைச்சது"ன்னு அந்த மெஷின்காரர நச்சரிச்சு எடுத்துடும். எள்ளு, சீரகம், பெருங்காயத் தண்ணி, ஒரு உருண்டை வெண்ணெய், அவ்ளோதான் ஃப்ளேவர். மொத முறுக்க எண்ணெயில விட்டுட்டு பேசாம நிக்கும், எங்களையும் பேச விடாது. சத்தத்த கேளுடீங்கும். சலசலன்னு கொதிச்சுக்கிட்டு இருக்குற எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா அடங்கும், மாவுல இருக்குற தண்ணி போயிடுச்சுன்னு அர்த்தம், அப்ப எடுக்கணும். கடிகாரமும் இல்ல, தெர்மாமீட்டரும் இல்ல, காதுதான். அப்படி சுட்டு பிஸ்கட் டின்னுல அடுக்கி மூடுனா தீவாளி போய் கார்த்திகை வரைக்கும் நமுக்காது.

பள்ளிக்கூட வாசல்ல கூடைக்கார ஆயா ஒண்ணு உக்காந்திருக்கும். கொடுக்காப்புளி, இலந்தப்பழம், அரைநெல்லி, பனங்கிழங்கு, தையில ஒண்ணு சித்திரையில ஒண்ணுன்னு கூடைய பாத்தே என்ன மாசம்னு சொல்லிடலாம். நாலணாவுக்கு அஞ்சு குழல் அப்பளம், அஞ்சு வெரல்லயும் மாட்டிக்கிட்டு ஒண்ணு ஒண்ணா கடிச்சுக்கிட்டே வீட்டுக்கு வருவோம். அது அமிர்தம்னு சொல்ல மாட்டேன், மஞ்ச கலர் போட்டதுதான், எண்ணெயும் எத்தன தடவ காய்ச்சுன எண்ணெயோ. தேன்மிட்டாய் ஈ மொய்க்கும். சுத்தம் வேணும்னு சொல்றவங்க சொல்றது சரி, நானும் சொல்றேன். ஆனா சுத்தமா செய்ய வைக்கிறதுக்கு பதிலா செய்யுறவங்களையே இல்லாம ஆக்கிட்டா அது என்ன வழி? நாலணா காசு 2011 ஜூன் 30ஓட செல்லாம போச்சு, அதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த கூடை காணாம போயிடுச்சு, எந்த வருஷம்னு நாங்க யாரும் கவனிக்கவே இல்ல, அதான் வயித்தெரிச்சல்.

இதுல இன்னொரு கொள்ளை, 90ஸ் கிட்ஸ் மிட்டாய் பெட்டி. போன தீவாளிக்கு ஆன்லைன்ல பாத்து ஆசைப்பட்டு 349 ரூவா குடுத்து வாங்குனேன். பெட்டி மேல ஓலைக் குடிசை, டயர் வண்டி ஓட்டுற பையன், மனச உருக்குற மாதிரி படம். உள்ள கமர்கட்டுல தேங்காயும் இல்ல வெல்லமும் இல்ல, சீனிப்பாகு மாதிரி பல்லுல ஒட்டுது. தேன்மிட்டாய்க்கு உசுரே உள்ள இருக்குற பாகுதான், அரிசி உளுந்து மாவு பொரிஞ்சு பொந்தா ஆகி பாக குடிச்சிருக்கணும், கடிச்சா நாக்குல வழியணும், இது ரப்பர் மாதிரி வறட்சியா கெடக்கு. என் சின்ன வயச எனக்கே வெல போட்டு வித்துட்டு, அதுலயும் கலப்படம். சிப்ஸ் பாக்கெட்டாவது ஃப்ளேவர்னு போட்டு விக்குது, இவங்க அசல்னு சொல்லி விக்குறாங்க, எனக்கு இதுலதான் கோவம் ஜாஸ்தி.

ஏழாவது கடைக்காரர்கிட்ட கேட்டே புட்டேன், ஏண்ணே முறுக்கு வைக்கிறதில்லன்னு. அவரு பாவம் உள்ளத சொன்னாரு. "இந்த பாக்கெட்டு கம்பெனிக்காரங்க தொங்க விடுற ஸ்டாண்டும் குடுத்து, போகலன்னா சரக்க திருப்பி எடுத்துக்கறாங்கம்மா. முறுக்கு நமுத்துப் போனா நஷ்டம் என் தலையிலதான. நீங்க ஒருத்தங்க கேக்குறீங்க, அதுக்கு பாட்டில் போட முடியுமா?" பதில் சொல்ல முடியல. திருச்சி பக்கத்துல இருக்குற மணப்பாறை முறுக்குக்கு 2023ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, படிச்சப்ப எவ்ளோ சந்தோசப்பட்டேன், இஞ்ச ஒரு பஸ் ஸ்டாண்டு முழுக்க தேடி ஒரு முறுக்கு கெடைக்கல.

தின்னுட்டு போடுற கவர் எங்க போவுது? ஜூன் 12 மேட்டூர் அணைய தொறந்து தண்ணி எங்க கடைமடைக்கு வர்றதுக்குள்ள உசுரு போயி உசுரு வரும், போன வருஷம் எங்க வாய்க்கால் மதகுல தண்ணி ஏறலன்னு போய் பாத்தா அடைச்சுக்கிட்டு நிக்கிறது பூரா இந்த பளபளா கவருதான், ஆளு எறங்கி கையால வாரிப் போட்டாங்க. ஆடிப்பெருக்குக்கு காப்பரிசி வச்சு சாமி கும்புட படித்துறைக்கு போனா அங்கயும் மிதக்குது.

வீட்டுக்கு வந்ததும் எங்க தெரு கைமுறுக்கு சித்திக்கு போன போட்டேன். ஏழு சுத்து எட்டு சுத்து முறுக்கெல்லாம் கண்ண மூடிக்கிட்டு சுத்துற கை அது, இப்ப கல்யாண சீருக்கு ஆர்டர் வந்தா மட்டும் பண்ணுது. சித்தி, பய இஞ்ச இருக்குற வரைக்கும் தெனம் ஒரு மணி நேரம் அவன ஒங்ககூட உக்கார வச்சுக்கங்கன்னேன். "மாவுல கைய வைப்பானா?"ன்னு கேட்டுச்சு. வைப்பான்னேன். "அப்ப நாளைக்கு அரிசிய ஊற வச்சுடுறேன், இந்த வருஷத்து உளுந்து ஒரு படி நீ கொண்டா"ன்னுச்சு. உளுந்த பொடச்சு எடுத்து வச்சுட்டுதான் இத எழுதிக்கிட்டு இருக்கேன்.