எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை

ஒரு லட்சம் கிலோமீற்றர் தாண்டினால் பெல்ட், பிளக், ஒயில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடச் சொல்லுகிறது கார் பராமரிப்பு பற்றி நான் வாசித்த ஒரு கட்டுரை. இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 வரை திறக்காததால் கல்முனைப் பக்கம் நாங்கள் பழைய காரைத்தான் பார்த்துப் பார்த்து ஓடிப் பழகிவிட்டோம், அதனால் இப்படிப் பொதுவாகச் சொன்னால் வீண் செலவுதான் வரும். என்னுடையது டொயோட்டா கொரோலா 121 மொடல், பெற்றோல் கார், 2 லட்சத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு கராஜில் டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் பட்டி) மாற்ற வேண்டும் என்றார்கள். அந்த எஞ்சினுக்குப் பெல்ட்டே இல்லை, செயின். எஞ்சின் ஒயிலைத் தவணை தவறாமல் மாற்றினால் செயின் அது பாட்டுக்கு ஓடும். உங்கள் எஞ்சினில் பெல்ட் இருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வே வளைந்துவிடும்.

ஆனால் யாருமே கவனிக்காதது பிரேக் ஒயில். மூடியைத் திறந்து பார்த்தேன், பிளேன்டி (பால் சேர்க்காத தேநீர்) நிறம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கடற்கரையில் கேட்கவே வேண்டாம். கண்டியிலிருந்து மஹியங்கனைக்கு 18 வளைவால் இறங்கும்போது பிரேக் சூடேறி அந்தத் தண்ணீர் கொதித்தால் பெடல் அப்படியே கீழே போய்விடும். கிலோமீற்றர் எவ்வளவாக இருந்தாலும் 2 வருசத்துக்கு ஒருதரம் மாற்றுங்கள்.

அப்புறம் உப்புக்காற்று. காருக்கு அடியில் பிரேக் பைப் பிடித்திருக்கும் கிளிப்பை நகத்தால் சுரண்டினேன், துரு செதிள் செதிளாக உதிர்ந்தது. மாதம் ஒருதரமாவது அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள்.