கட்டிலுக்கு அடியில கைய விடாதீங்கன்னா கேக்க மாட்டீங்களா?

"பூனைக்குட்டி எடுத்துட்டு வந்திருக்கீங்களாமே, காட்டுங்க!" இதைக் கேட்டாலே எனக்கு இப்பல்லாம் பத்திக்கிட்டு வருது. காட்டுறதுக்கு அது என்ன புதுசா வாங்கின டிவியா?

மழைக்கு ஒதுங்கி ஒரு காரோட என்ஜினுக்குள்ள மாட்டிக்கிட்டு, மெக்கானிக் பானெட்டைத் திறந்து எடுத்த குட்டி அது. உடம்பெல்லாம் கிரீஸ். பொறந்து ரெண்டு வாரத்துலேர்ந்து ஏழெட்டு வாரத்துக்குள்ள மனுஷக் கை பட்டு வளந்தா குட்டி சுலபமா ஒட்டிக்கும். இது அந்த வயசைத் தெருவுலயே கழிச்சிட்டு வந்தது. மனுஷன்னா துரத்துவான், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.

அதனாலதான் தனி ரூம், கட்டிலுக்கு அடியில ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, வேளாவேளைக்குச் சாப்பாடு. நான் தரையில ஒருக்களிச்சு உக்காந்து, அதை நேராப் பாக்காம போனை நோண்டிக்கிட்டு இருப்பேன். உப்பில்லாம வேக வச்ச கோழியை ஸ்பூன் நுனியில நீட்டினா மொதல்ல 'ஹ்ஸ்ஸ்'. பொறவு பின்னங்கால் ரெண்டும் பெட்டிக்குள்ளயே இருக்க, கழுத்தை மட்டும் எக்கி ஒரே ஒரு நக்கு. கண்ணை மெதுவா சுருக்கி மூடித் திறந்தா பூனை அதைச் சிநேகமா எடுத்துக்குதுன்னு 2020ல இங்கிலாந்துல ஆராய்ச்சியே வந்திருக்கு. நானும் கிறுக்குத்தனமா கண்ணை மூடி மூடித் திறந்தேன். ஒருநாள் திருப்பிச் சிமிட்டிச்சுங்க!

அன்னிக்கு சாயங்காலம்னு பாத்து வந்தாரு சித்தப்பா. "ரெண்டு தடவ தூக்கினா கூச்சம் போயிடும்." நான் டீ போட அடுப்படிக்குப் போன கேப்புல கட்டிலுக்கு அடியில கைய விட்டு, பிடரியப் புடிச்சு இழுத்துட்டாரு. அவர் பையன் ஃபிளாஷ் போட்டு வீடியோ வேற. குட்டி பயத்துல ஒண்ணுக்குப் போய், அவர் கையைப் பிறாண்டிட்டு, பீரோவுக்குப் பின்னாடி ஓடிடுச்சு. ராத்திரி பூரா வரல, சாப்பாட்டைத் தொடல.

"தாய்ப்பூனையே அப்படித்தானே தூக்குது?" அது பால்குடிக் குட்டியைங்க! வளந்த குட்டியைப் பிடரியில தொங்க விட்டா வலியும் பயமும்தான் மிச்சம். சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க, டாக்டரைப் பாத்து ரேபிஸ் ஊசி பத்திக் கேளுங்கன்னா அதுக்கு மட்டும் "ஒண்ணும் ஆகாது, விடும்மா". கடைசியில தீர்ப்பு என்ன தெரியுமா? "நன்றி கெட்ட ஜென்மம். பேசாம நாய் வளத்திருக்கலாம்."

எதுக்கு நன்றி? தூங்கிட்டிருந்ததை இழுத்துப் போட்டதுக்கா?

இதுல பக்கத்து வீட்டம்மா வேற, பூனைன்னா பாலுதானேன்னு கிண்ணம் கிண்ணமா ஊத்துறாங்க. மாட்டுப்பால் செரிக்காம வயித்தால போகும். அதைத் தொடைக்கிறது யாரு, அவங்களா?

இனிமே அந்த ரூமுக்குப் பூட்டு. சாவி என் இடுப்புல. பாக்கணும்னா வாங்க, போனை வெளிய வச்சிட்டுத் தரையில உக்காருங்க. அதுவா வந்தா சரி. வரலையா, டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க.