அஞ்சலையை அஞ்சலி ஆக்கியவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மகளுக்குத் தொட்டில் போட்டுப் பேர் வைத்தோம். அதற்கு முன்னால் ரெண்டு வாரம் எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதத்தை எழுதாமல் விட மனசு வரவில்லை.

அம்மாவுக்கு ஒரே பிடிவாதம். "எங்க அத்த பேருதான் வெக்கணும். எல்லம்மா." எல்லம்மா எங்கள் ஆயா, அப்பாவைப் பெத்தவர். வடசென்னையில், காசிமேட்டில் விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டைத் தெருத்தெருவாக விற்று, எங்கப்பாவையும் மூணு அத்தைகளையும் வளர்த்தவர். பேத்தி என்றாலே பேரைத் தாங்குகிறவள்தானே. பெயரன், பெயர்த்தி என்று சொல்வதே அதனால்தான். அம்மா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

தம்பி பொண்டாட்டி "தக்ஷிதா" என்று முடிவு பண்ணி வைத்திருந்தாள். அம்மா வாயில் அது "தச்சிதா" என்று வந்தது. இன்னொரு தடவை முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். நான் அம்மா பக்கம் பேசப் போனேன். "இது தமிழ்ப் பேரே இல்லையேம்மா" என்றேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே சொன்னாள்: "அண்ணி, ஒங்கள ஆபீஸ்ல இன்னான்னு கூப்ட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க. எம் பொண்ணுக்கும் அது வரணுமா?"

அதற்குமேல் என்னிடம் பேச்சு இல்லை.

என் பேர் அஞ்சலை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் கழுத்தில் மாட்டக் கொடுத்த ஐடி கார்டில் "அஞ்சலி" என்று இருந்தது. பிழை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தேன். டீம் லீடர் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். "கிளையண்ட் கால்ல சொல்ல ஈசியா இருக்கும்னு நான்தான் மாத்தச் சொன்னேன். அஞ்சலை கொஞ்சம்... ஒரு மாதிரி இருக்குல்ல?"

அந்த "ஒரு மாதிரி"க்கு அர்த்தம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிற கிளையண்ட்டுக்கு அஞ்சலையும் அஞ்சலியும் ஒன்றுதான். அஞ்சலை என்றதும் பாத்திரம் தேய்க்கிற பெண் ஞாபகத்துக்கு வருவது நம் ஊர்க்காரர்களுக்குத்தான். நாலு வருஷம் அஞ்சலியாகவே வேலை பார்த்தேன்.

அந்த ஞாபகத்தை ஊட்டி வளர்த்ததில் சினிமாவுக்கும் சீரியலுக்கும் பெரிய பங்கு உண்டு. வீட்டு வேலைக்கு வருகிறவள் முனியம்மா, சாராயம் விற்கிறவள் அஞ்சலை, கத்தியை எடுக்கிறவன் கபாலி. மயிலாப்பூரில் கோயில் கொண்டிருக்கிற சாமி பேர் பாலத்தைத் தாண்டி எங்கள் வடசென்னைப் பக்கம் வந்ததும் ரவுடி பேர் ஆகிவிடுகிறது.

ஆனால் சினிமா இதைக் கண்டுபிடிக்கவில்லை. மனுஸ்மிருதி ரெண்டாம் அத்தியாயத்தில் 31-ஆவது சுலோகமே இதற்காகத்தான். பிராமணன் பேர் மங்களமாக, சத்திரியன் பேர் வலிமையாக, வைசியன் பேர் செல்வமாக, சூத்திரன் பேர் இழிவாக இருக்க வேண்டும் என்கிறது. பேரைக் கேட்டதுமே ஆளை எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் அதன் நோக்கம். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பேரிலிருந்து எடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு நமக்கெல்லாம் வால் இல்லை, இனிஷியல்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் வாலை வெட்டியதும், மோப்பம் பிடிக்கிறவர்கள் பேரையே மோந்து பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

என்னோடு ஸ்கூலில் படித்த ஒருத்திக்குக் குப்பம்மா என்று பேர். அவளுக்கு முன்னால் பிறந்த ரெண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூணாவதாவது நிலைக்கட்டும் என்று இவளைக் குப்பையில் புரட்டி எடுத்துப் பேர் வைத்தார்கள். எமனே, உனக்கு வேண்டாத பொருள் இது, விட்டுவிடு என்று ஒரு தாய் கெஞ்சுகிற பேர் அது. அதைவிடப் பாசமாக எந்தப் பேர் இருக்க முடியும்? வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அந்தப் பேர் வந்ததும் மொத்த வகுப்பும் சிரிக்கும். டீச்சரும் ஒரு தடவை சிரித்தார். அவள் "உள்ளேன்" சொல்லாமல் கையை மட்டும் தூக்குவாள், தோள் உயரத்துக்கு, அதற்குமேல் போகாது. காலேஜ் முடித்ததும் அரசிதழில் கொடுத்துப் பேரை மாற்றிக்கொண்டாள். அந்த அரசிதழ் அச்சாகிற அரசு அச்சகம் எங்கள் மின்ட்டில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவள் கைதான் கண்ணில் நிற்கும்.

நான் என் பேரைத் திரும்பக் கேட்டதற்குக் காரணம் கடலூர் அஞ்சலை அம்மாள். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய வெள்ளைக்கார அதிகாரி நீலுக்கு மவுண்ட் ரோட்டில் நின்ற சிலையை எடுக்கச் சொல்லி 1927-இல் போராடிச் சிறைக்குப் போனவர், பிறகு சட்டமன்ற உறுப்பினரும் ஆனவர். சின்னப் பெண்ணான மகள் அம்மாக்கண்ணுவும் அந்தப் போராட்டத்தில் நின்றாள். அவரைப் பற்றிப் படித்த மறுநாளே எச்.ஆரிடம் போய், கார்டில் அஞ்சலை என்று போடுங்கள் என்றேன். பத்து நிமிஷத்தில் புதுக் கார்டு வந்துவிட்டது. அதே வரலாற்றில் இன்னொன்றும் உண்டு. காந்தி அம்மாக்கண்ணுவைத் தன் ஆசிரமத்துக்கு அழைத்துப்போய் லீலாவதி என்று பேர் மாற்றினார். அன்பாகத்தான் செய்திருப்பார். ஆனாலும் அம்மாக்கண்ணுவில் என்ன குறை இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எங்கள் பக்கத்தில் வேறொரு வழியும் இருந்தது. மில்லிலும் துறைமுகத்திலும் சங்கம் வைத்த அப்பாக்கள் பிள்ளைகளுக்கு லெனின், சிங்காரவேலு, அம்பேத்கர் என்று வைத்தார்கள். நெஞ்சை நிமிர்த்தி வைத்த பேர்கள்.

தம்பி பொண்டாட்டி தேடுவது வேறு. பேரைச் சொன்னால் எந்த ஏரியா, எந்தத் தெரு, அப்பனுக்கு என்ன வேலை என்று யாராலும் கண்டுபிடிக்க முடியக் கூடாது. ஷ, க்ஷ எல்லாம் அவளுக்கு மகள் மேல் போர்த்துகிற போர்வை. ஆனால் எனக்குப் பயம், அந்தப் போர்வையும் கிழிந்துகொண்டிருக்கிறது. இப்போது வசதியான வீடுகளில் ஆதிரை, யாழினி, மகிழன் என்று வைக்கிறார்கள். அழகான பேர்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதே வாய்கள் "வாயில் நுழையாத பேரை வைக்கிறதுகள்" என்று எங்கள் பிள்ளைகளைச் சொல்வதையும் என் காதால் கேட்டிருக்கிறேன். முனியம்மா என்று வைத்தால் பட்டிக்காடு, தக்ஷிதா என்று வைத்தால் பகட்டு. பாட்டி பேரை வைப்பதுகூட அவர்கள் வைத்தால் பாரம்பரியம். எங்கள் ஆட்கள் எந்தப் பேரோடு போய் நின்றாலும் சிரிக்க ஒரு காரணம் தயாராக இருக்கிறது. அப்படியென்றால் கோளாறு பேரில் இல்லை, கேட்கிற காதில்தான்.

அட்டெண்டன்ஸ் எடுக்கிற டீச்சர்களே, இன்டர்வியூ எடுக்கிறவர்களே, வசனம் எழுதுகிறவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். பேரைச் சுருக்காதீர்கள், திருத்தாதீர்கள், முழுசாகக் கூப்பிடுங்கள். அடுத்த கதையில் டாக்டருக்கு முனியம்மா என்று பேர் வையுங்கள்.

நான் அன்றைக்கே தம்பி பொண்டாட்டியிடம் சொல்லிவிட்டேன், நீ ஆசைப்பட்ட பேரையே வை என்று. ஞாயிற்றுக்கிழமை அத்தை முறைக்கு நான்தான் குழந்தை காதில் பேர் சொன்னேன். வெற்றிலையால் வாயை மறைத்துக்கொண்டு மூணு தடவை, தக்ஷிதா, தக்ஷிதா, தக்ஷிதா. காது மடல் இன்னும் பூனைமுடியோடு இருந்தது. பிறப்புச் சான்றிதழில் பேர் இடம் காலியாகத்தான் இருக்கிறது, இந்த வாரம் போய்ச் சேர்க்க வேண்டும்.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். "தூங்குடி எல்லம்மா" என்றார். தம்பி பொண்டாட்டி எச்சில் இலைகளை அள்ளிக்கொண்டிருந்தவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஒண்ணும் சொல்லவில்லை.