யாரைக் கேட்டு?

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா ஒருவர் மாதம் ஒரு தடவையாவது தவறாமல் போடும் செய்தி ஒன்று உண்டு. "வெள்ளைக்காரன் தன் ஊரில் தடை செய்த விஷத்தை நம் தலையில் கட்டுகிறான். அனைவருக்கும் பகிரவும்." கீழே மண்டை ஓட்டுப் படம். வழக்கமாகக் கடந்து போய்விடுவேன். இந்தத் தடவை பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது, அதனால் இங்கே போடுகிறேன். சித்தப்பா சொல்வது பாதி உண்மை. மிச்சப் பாதியைத்தான் யாரும் பகிர்வதில்லை.

முதல் பாதியைப் பார்த்துவிடலாம். பாராகுவாட் என்று ஒரு களைக்கொல்லி. விவசாயக் குடும்பம் என்றால் பேர் தெரியாவிட்டாலும் வேலை தெரிந்திருக்கும். வரப்பில் அடித்தால் ஓரிரு நாளில் புல் தீய்ந்து நிற்கும். விலையும் மலிவு. மவுசுக்குக் கேட்கவா வேண்டும். மனித உடம்புக்குள் போனால் மாற்று மருந்து கிடையாது. நுரையீரலைப் பிடித்து இறுக்கிவிடும்.

இந்தப் பாராகுவாட்டை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்துப் பேர் வாங்கிய நிறுவனம் சின்ஜென்டா. தலைமையகம் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரம். ஸ்விட்சர்லாந்து 1989-லேயே பாராகுவாட்டைத் தடை செய்துவிட்டது. தயாரித்த ஆலை இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில். ஸ்வீடன் போட்ட வழக்கில் 2007-ல் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அது விலக்கப்பட்டது. அப்போது இங்கிலாந்தும் ஒன்றியத்துக்குள்தான் இருந்தது. 2017-ல் நிறுவனத்தை வாங்கியது சீன அரசு நிறுவனம். அந்தச் சீனாவோ தன் விவசாயிகளுக்குத் திரவப் பாராகுவாட் விற்பதை 2016-லேயே நிறுத்தியிருந்தது. அதாவது, தலைமையகம் இருக்கும் நாட்டில் அடிக்க முடியாது, ஆலை இருக்கும் நாட்டில் அடிக்க முடியாது, முதலாளியின் நாட்டிலும் அடிக்க முடியாது. கப்பலில் மட்டும் ஏற்றினார்கள்.

பாராகுவாட் ஒன்றோடு நிற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தடை செய்யப்பட்ட 41 பொருள்களைக் கொண்ட பூச்சிக்கொல்லிகளை, 2018 என்ற ஒரே ஆண்டில் 81,615 டன் வெளியே அனுப்ப நிறுவனங்கள் அறிவிப்புக் கொடுத்திருந்தன. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த 'பப்ளிக் ஐ' அமைப்பும் 'அனெர்த்டு' செய்தியாளர்களும் அரசு ஆவணங்களைக் கேட்டு வாங்கி, கூட்டிப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. அதே ஐரோப்பா, நம் பாஸ்மதியில் குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோலின் மிச்சம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2018-லிருந்து கெடுபிடி செய்கிறது. தன் சாப்பாட்டுத் தட்டுக்கு ஒரு அளவுகோல், அடுத்தவன் வயலுக்கு வேறொன்று. இதுவரை சித்தப்பாவோடு எனக்குச் சண்டையே இல்லை.

சரி, இப்படி அனுப்புவதைக் கேட்க உலகத்தில் சட்டமே கிடையாதா? இருக்கிறது. ராட்டர்டாம் உடன்படிக்கை. 1998-ல் ஒப்புக்கொள்ளப்பட்டு 2004-ல் நடைமுறைக்கு வந்தது. 160-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பு, 2005 முதல் நாமும் உண்டு. இது தடைச் சட்டம் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. பந்தியில் பரிமாறுகிறவர் "வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு வைப்பார் இல்லையா, அவ்வளவுதான் இந்த உடன்படிக்கை. பட்டியலில் ஏறிய ஒரு ரசாயனத்தை இறக்குமதி செய்ய உனக்குச் சம்மதமா, இல்லையா, நிபந்தனையோடு சம்மதமா என்று ஒவ்வொரு நாட்டையும் கேட்பார்கள். வேண்டாம் என்று சொன்ன நாட்டுக்கு அனுப்பக் கூடாது. வேண்டும் என்றால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.

இதிலே என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் பட்டியலில் ஏற்றுவதில்தான். நிபுணர் குழு ஒன்று வருடக்கணக்காக ஆராய்ந்து, இது ஆபத்தானதுதான், பட்டியலில் சேருங்கள் என்று பரிந்துரைக்கும். அதற்குப் பிறகு உறுப்பு நாடுகள் அத்தனையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு நாடு தலையாட்ட மறுத்தாலும் அடுத்த மாநாட்டுக்குத் தள்ளிப்போகும். மாநாடு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. அந்த ஒரு நாடு அந்தப் பொருளைத் தயாரித்து விற்கிற நாடாகவே இருக்கலாம். எனக்கு வேண்டாம் என்று சொல்வதற்கு அந்த நாட்டுக்கு முழு உரிமை உண்டு, அதை யாரும் பறிக்கவில்லை. மற்றவர்களையும் கேட்காதே என்று சொல்கிற உரிமையைத்தான் அது இங்கே எடுத்துக்கொள்கிறது. இந்த விதியைத் தளர்த்தி, முக்கால்வாசிப் பேர் சம்மதித்தால் போதும் என்று ஆக்க 2023-ல் சில நாடுகள் முயன்றன. கைகூடவில்லை.

இனி மிச்சப் பாதி. பாராகுவாட்டை இந்தப் பட்டியலுக்குக் கொண்டுவந்தது ஐரோப்பா இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பருத்தி விளைவிக்கும் ஏழை நாடான புர்கினா ஃபாசோ. தன் விவசாயிகள் அதை அடித்துவிட்டு என்ன பாடுபடுகிறார்கள் என்று ஊர் ஊராக விசாரித்து அனுப்பியது. நிபுணர் குழு ஏற்றுக்கொண்டது. 2013-ல் ஜெனீவா மாநாட்டுக்கு வந்தபோது முட்டுக்கட்டை போட்ட நாடுகளில் ஒன்று குவாத்தமாலா. இன்னொன்று நாம். இந்தியா.

இது ஏதோ ஒரு தடவை நடந்த சறுக்கல் என்று சொல்ல ஆசைதான். எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளாவின் காசர்கோட்டில் ஒரு அரசுக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் 1970-களின் நடுவிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் அதைத் தெளித்தார்கள். கீழே வீடுகள், கிணறுகள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். அங்கே ஊனத்தோடு பிறந்த குழந்தைகளின் படங்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்தப் படங்கள் எல்லாம் வெளியே வந்த பிறகும், 2008-ல் எண்டோசல்பானை ராட்டர்டாம் பட்டியலில் சேர்க்க விடாமல் நின்றது இந்தியா. அப்போது உலகத்திலேயே அதை அதிகம் தயாரித்த நாடு நாம்தான். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, அடுத்த மாதம் பட்டியலிலும் ஏறியது. வெள்ளைக் கல்நார் கதை இன்னும் விசித்திரம் (மாட்டுக்கொட்டகைக்கு மேலே போடுகிறோமே அந்த சிமெண்ட் ஷீட்டில் இருப்பது). 2011-ல் இந்தியா சம்மதம் என்றது, கனடா மறித்தது. 2013-ல் நாமே பல்டி அடித்தோம்.

நம் தரப்பில் சொல்லப்படும் வாதத்தையும் வைத்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். காப்புரிமை காலாவதியான மலிவுப் பூச்சிமருந்துகளை இந்தியக் கம்பெனிகள் தயாரிக்கின்றன. அவற்றை ஒழித்தால் ஐரோப்பியக் கம்பெனிகள் புதிய, விலை கூடிய மருந்தை விற்கும். சுற்றுச்சூழல் என்பது வியாபாரத்துக்குப் போட்ட முகமூடி என்கிறார்கள். சந்தேகப்படுவதில் தப்பில்லை, அவர்களுடைய சரித்திரம் அப்படி. ஆனால் புர்கினா ஃபாசோ எந்த மருந்தை விற்க வந்தது? காசர்கோட்டுப் பிள்ளைகள் எந்தக் கம்பெனியின் விளம்பரம்?

எனக்கு இதில் ரொம்ப உறுத்துவது ஒரு பழைய சம்பவம். 1958-ல் கேரளாவிலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கலந்துபோன உணவுப்பொருளைச் சாப்பிட்டதால். வெளியிலிருந்து வந்த சரக்கில், உணவும் விஷமும் ஒன்றாக ஏற்றப்பட்டதில் கசிந்து கலந்தது. அதை ஒட்டி நடந்த விசாரணைகளின் தொடர்ச்சிதான் 1968-ன் பூச்சிக்கொல்லிச் சட்டம். இன்றைக்கும் அதுதான் சட்டம். நூறு பேரைச் சாகக் கொடுத்துவிட்டு எழுதிய சட்டம் அது. அந்த நாடா ஜெனீவாவில் உட்கார்ந்துகொண்டு "அனுப்புவதற்கு முன் கேட்க வேண்டாம்" என்று சொல்கிறது?

அந்தச் சட்டத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு மாநில அரசு தானாக ஒரு பூச்சிக்கொல்லியை நிறுத்தி வைக்க முடிவது 60 நாள். மிஞ்சிப் போனால் இன்னும் 30 நாள். தற்கொலைகளைக் குறைப்பதற்காகத் தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிமருந்துகளைச் சில ஆண்டுகளுக்கு முன் நிறுத்தியதே, அதுவும் 60 நாள்தான். ஒரு பட்டம் நெல் கதிர் விடுவதற்குள் தடை முடிந்துவிடும். நிரந்தரமாக நிறுத்துவது டெல்லியின் கையில். டெல்லியோ 2020-ல் 27 மருந்துகளைத் தடை செய்யப் போவதாக வரைவு வெளியிட்டது. 2023-ல் இறுதி ஆணை வந்தபோது முழுத் தடைக்கு ஆளானவை மூன்று. மோனோகுரோட்டோபாஸின் ஒரு வடிவத்துக்கும் முடிவு கட்டினார்கள். பீகாரில் அந்த மருந்து இருந்த பாத்திரத்தில் வைத்த எண்ணெயில் சமைத்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 பிள்ளைகள் செத்து அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது.

"இதையெல்லாம் நிறுத்தினால் விவசாயம் படுத்துவிடும், இலங்கையைப் பார்த்தாய் அல்லவா?" என்று கருத்துப் பெட்டியில் யாராவது எழுதப் போகிறீர்கள், தெரியும். இலங்கையைத்தான் பார்க்கச் சொல்கிறேன். 2021-ல் அன்றைய அதிபர் கோட்டாபய ரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியது ஒரு கூத்து. நெல் விழுந்தது, ஏழு மாதத்தில் பின்வாங்கினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, சத்தமே இல்லாமல், வேறொரு வேலை அங்கே நடந்தது. 1995-ல் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47. உலகத்திலேயே மிக மோசமான விகிதங்களில் ஒன்று. கொடிய நச்சுள்ள மருந்துகளை அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மோனோகுரோட்டோபாஸ் 1995-ல், எண்டோசல்பான் 1998-ல், பாராகுவாட் 2008-லிருந்து 2011-க்குள் படிப்படியாக. 2005 வாக்கில் விகிதம் பாதியாகிவிட்டது, பிறகு இன்னும் இறங்கியது. 1995 முதல் 2015 வரை ஏறத்தாழ 93,000 உயிர்கள் தப்பியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தத் தடைகளால் விளைச்சல் குறைந்ததாகத் தெரியவில்லை. உரத்தை ஒரே இரவில் நிறுத்துவதும், இருபது வருடம் எடுத்துக்கொண்டு பத்து விஷங்களுக்கு மாற்று தேடுவதும் ஒன்றா?

அனுப்புகிற நாடுகளும் சும்மா தப்பிக்கக் கூடாது. ஸ்விட்சர்லாந்து 2021 முதல் பாராகுவாட் உள்ளிட்ட ஐந்து பொருள்களின் ஏற்றுமதியை நிறுத்தியது. பிரான்ஸ் 2022 முதல் தன் மண்ணில் தடை செய்ததை வெளியே விற்கத் தடை போட்டது. அதிலும் ஓட்டை இருந்தது, கலவையாக அனுப்பாமல் மூலப்பொருளாக அனுப்பினார்கள். ஆனாலும் செய்ய முடியும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஐரோப்பா நாளைக்கே கதவைச் சாத்தினாலும் நம் ஊர் உரக்கடையில் பாராகுவாட் கிடைக்கும். இங்கேயே தயாரிக்கிறோம், ஏற்றுமதியும் செய்கிறோம். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு வாட்ஸப் குழுவில் எவரோ ஒரு சித்தப்பா "இந்தியாக்காரன் நம் தலையில் கட்டுகிறான்" என்று பகிர்ந்துகொண்டிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பொங்கலுக்கு மாமா ஊருக்குப் போயிருந்தேன். மாட்டுக்கொட்டகையில் தவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில் அந்த கேன், பாதி காலி. மஞ்சள் முக்கோணம் போட்டிருந்தது. மூடியில் அளந்து ஊற்றுவதுதான் அவர் கணக்கு, ஒரு டேங்குக்கு இத்தனை மூடி என்று. எவ்வளவு என்று யார் சொன்னது என்றேன். "கடைக்காரத் தம்பிதான்." கையுறை, முகக்கவசம்? சிரித்தார். வரப்பு செதுக்க ஆள் கிடைக்காத கதையைச் சொன்னார். கிடைத்தாலும் கூலி கட்டாத கதையையும். அவர் சொன்னதில் ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

கேனோடு ரப்பர் பேண்டில் கட்டியிருந்த துண்டுச் சீட்டை எடுத்துப் பிரித்தேன். பத்துப் பன்னிரண்டு மடிப்பு. ஏழெட்டு மொழி, எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. தமிழ் எங்கே என்று கண்டுபிடிக்கவே போன் கேமராவைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. மாமா வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, அத்தையைக் கூப்பிட்டு, "அந்தக் கண்ணாடியை எடுத்தா, இவன் என்னமோ படிக்கச் சொல்றான்" என்றார்.