வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்கும் பிள்ளைகள்

எங்கள் கல்வி வலயத்துப் பாடசாலை ஒன்றின் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேற்றைப் பாராட்டிக் கட்டுரை எழுதியிருக்கிறீர்கள். சித்தியடைந்த பிள்ளைகளுக்கு என் வாழ்த்தும் சேரட்டும். ஆனால் எத்தனை பேர் பரீட்சைக்குத் தோற்றினார்கள் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. அது தெரியாமல் பாடசாலையின் தரத்தை எப்படி அளப்பது?

மொத்தம் 200 புள்ளிகள், இரண்டு வினாத்தாள்கள். சித்தியடைய எடுக்க வேண்டிய ஆகக் குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஒரு புள்ளியால் தவறவிட்ட பிள்ளையும் எழுத்துக்கூட்டி வாசிக்கவே கஷ்டப்படும் பிள்ளையும் ஊரார் கண்ணில் ஒன்றுதான்: "பாஸ் இல்லை". பத்து வயதுப் பிள்ளைக்கு இது பெரிய அநியாயம்.

வசதி குறைந்த கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் இடமும் கொடுக்கத்தான் இந்தப் பரீட்சை. இப்போது யாழ்ப்பாணத்தில் மூன்றாம் வகுப்பிலேயே ரியூசன் தொடங்கிவிடுகிறது. காசு உள்ள வீட்டுப் பிள்ளை மாதிரி வினாத்தாள்களைச் செய்து குவிக்கிறது. நெடுந்தீவில் கடற்றொழில் செய்பவரின் பிள்ளைக்கு வகுப்பு ஆசிரியரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? அந்த ஆசிரியரும் இடமாற்றம் கேட்டுக்கொண்டிருப்பார், பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது.

அடுத்த முறை எழுதும்போது தோற்றியவர்கள் எத்தனை பேர், 100 புள்ளிக்குக் கீழே எத்தனை பேர் என்றும் கேட்டுப் போடுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பில் வாசிப்பும் கணக்கும் திரும்பச் சொல்லிக்கொடுக்க அதிபரிடம் என்ன திட்டம் இருக்கிறது என்பதையும் கேளுங்கள்.