இந்த வயசுல எதுக்குப் படிப்பு?

நாற்பதைத் தாண்டிய ஒருத்தி மறுபடி படிக்கப் போகிறாள் என்றால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் தமிழ் ஆட்களுக்கு ஒரே கேள்விதான்: “இந்த வயசுல எதுக்கு?” சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள், சரி. ஆனால் நம் ஊரில் இந்தக் கேள்வி எப்படி முளைத்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

1860-ல் கரும்புத் தோட்டத்துக்கு வந்து இறங்கியவர்களின் வம்சம் டாக்டரும் வக்கீலுமாக ஆன கதையை எல்லா மேடையிலும் சொல்கிறோம். நடுவில் இருந்த இரவு வகுப்பை மட்டும் விட்டுவிடுகிறோம். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி 1927-ல் இந்திய அரசின் ஏஜெண்டாக, அதாவது பிரதிநிதியாக, இங்கே வந்தார். அவர் முயற்சியில் நம் மக்கள் பணம் போட்டுக் கட்டிய சாஸ்திரி கல்லூரி 1929-ல் திறந்தது. பகலில் பையன்கள் படித்த அந்தக் கட்டடத்தில்தான் மேபல் பாமர் என்ற அம்மையார் 1936-ல் பல்கலைக்கழக வகுப்புகளைத் தொடங்கினார். வெள்ளை மாணவர்களோடு சேர்ந்து உட்கார விடாத காலம் அது. வந்து படித்தவர்களில் பலர் ஏற்கெனவே பள்ளி ஆசிரியர்கள். பகலெல்லாம் பாடம் எடுத்துவிட்டு மாலையிலும் வார இறுதியிலும் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். 1946-ல் உருவான எம்.எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரியும் அப்படித்தான். கொல்லத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த அந்த சுல்தான் கொடுத்த பணம். வேலைக்குப் போகிறவர்களுக்கான பகுதிநேர வகுப்புதான் அதன் உயிர். இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாதி அது. இவ்வளவு ஏன், நான் தமிழ் எழுதப் பழகியதே கோயில் சங்கத்து மாலை வகுப்பில்தான். மண்டேலா சிறைக்குள் இருந்தபடியே யுனிசா என்ற தபால்வழிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1989-ல் பட்டம் வாங்கும்போது அவருக்கு வயது 70. அவரிடம் யாரும் “எதுக்கு?” என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

என் கதை சின்னது. டர்பனில் நம் ஆட்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து துணி ஃபேக்டரிக்குப் போனவள் நான். என் அம்மாவும் சித்தியும் அதே தொழில். மலிவான இறக்குமதித் துணி வந்து குவிய ஆரம்பித்ததும் டர்பனின் தையல் ஆலைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கியது உங்களுக்குத் தெரியும். எங்கள் இடத்திலும் ஷிஃப்ட்டைக் குறைத்தார்கள். ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். கோடிங் படி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் படி, வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம். மெஷின் சத்தத்தில் பாதி வாழ்நாளைக் கழித்தவளுக்குக் கோடிங்!

நான் சேர்ந்தது தொழிலாளர் உறவுப் படிப்பில், யுனிசா தபால்வழியாக. காரணம் ரொம்பச் சாதாரணம். லைனில் நான் ஷாப் ஸ்டூவர்டாக, அதாவது தொழிற்சங்கத்தின் பிரதிநிதியாக, இருந்தவள். லீவு தகராறு, எச்சரிக்கைக் கடிதம், விசாரணை எல்லாவற்றிலும் பெண்களுக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வேலையை விட்டு நீக்கினால் 30 நாளுக்குள் தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏவில் புகார் பதிய வேண்டும் என்பது பாடப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். அந்த 30 நாளைத் தவறவிட்டு அழுதவர்களையும் தெரியும்.

வேலை மாற நினைப்பவர்களிடம் நான் வற்புறுத்துவது இதைத்தான்: பழைய தொழிலைக் குப்பையில் போட்டுவிட்டு ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்காதீர்கள். பழையதை ஒட்டி நிற்கிற படிப்பைத் தேடுங்கள். இருபது வயசுப் பிள்ளையோடு ஞாபகசக்தியில் போட்டி போட்டால் நாம் தோற்போம். அனுபவத்தில் அவர்கள் நம் பக்கத்தில்கூட வர முடியாது.

இந்த நாட்டில் அதற்கு ஒரு வழியும் இருக்கிறது. ஆர்பிஎல் என்பார்கள், முன்பே கற்றதற்கான அங்கீகாரம். வேலையில் கற்றதைச் சான்றோடு காட்டினால், சேர்க்கைக்கோ சில பாடங்களின் கிரெடிட்டுக்கோ கணக்கில் எடுத்துக்கொள்வது. கல்வித் தகுதிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான சாக்வா இதற்கு தேசியக் கொள்கையே வைத்திருக்கிறது. ஆனால் யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். வேலைக் கடிதம், பழைய பயிற்சிச் சான்றிதழ், செய்த வேலையின் மாதிரி என்று ஒரு ஃபைல் சேர்க்க வேண்டும். எலக்ட்ரீஷியனுக்கு உதவியாளாகவே காலம் தள்ளும் அண்ணன்மார் எத்தனை பேர் நம் தெருக்களில்? அவர்களும் இந்த வழியாக ட்ரேட் டெஸ்ட் என்ற தொழில் தேர்வு வரை போய் ரெட் சீல் என்ற கைத்தொழில் சான்றிதழை வாங்கலாம். பெரும்பாலோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடிக்காதவர்களுக்கு, 21 வயது ஆகிவிட்டால், பெரியவர்களுக்கான சீனியர் சர்டிஃபிகேட் தேர்வு தனியாக இருக்கிறது.

பணம்தான் அடுத்த தலைவலி. “வயசெல்லாம் வெறும் நம்பர் அக்கா” என்று பூங்கொத்துப் படம் அனுப்புகிறவர்கள் யாரும் கட்டண ரசீதைப் பார்த்ததில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரேண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் நிதியான என்எஸ்எஃப்ஏஎஸ் உதவிக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருந்தால் கதவு மூடியாச்சு. தொழில் மாறுகிறவர்களில் பலர் இங்கேதான் அடிபடுகிறார்கள். இது சரியில்லை என்பது என் கருத்து. வேலையில் இருப்பவர்கள் முதலாளியிடம் கேளுங்கள். ஆண்டுச் சம்பளப் பட்டியல் 5,00,000 ரேண்டைத் தாண்டுகிற முதலாளி அதில் நூற்றுக்கு ஒன்றைப் பயிற்சி வரியாகக் கட்டியே ஆக வேண்டும். அதில் ஒரு பங்கைப் பயிற்சிக்காகத் திரும்ப வாங்கவும் வழி இருக்கிறது. நம்மைப் படிக்க அனுப்ப அவர்களுக்கும் காரணம் உண்டு.

நேரத்தைப் பற்றி ஆண்கள் எழுதினால் அதிகாலை நாலு மணி அலாரத்தைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு அலாரம் பிரச்சினையே இல்லை. அக்டோபர், நவம்பர் பரீட்சை புரட்டாசி விரதத்தின் மேலும் தீபாவளிப் பலகாரத்தின் மேலும் வந்து விழுகிறது. முறுக்கு பிழிவது யார்? போன வருஷம் என் மகன் பிழிந்தான், கோணல்மாணலாக. மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கடையிலும் கொஞ்சம் வாங்கி வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆகவே சொந்தபந்தங்களே, ஞாயிற்றுக்கிழமை விசேஷத்துக்கு நான் வரவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆர்பிஎல் ஃபைல் பற்றிச் சந்தேகம் இருப்பவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள். பரீட்சை முடிந்த பிறகுதான் பதில் வரும்.