யானைக்கு மட்டும் ஓய்வே கிடையாதா?

கல்யாண மண்டப வாசலில் யானையை நிறுத்தி எடுத்த அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் மறுபடி இங்கே போடப்போவதில்லை. ஒரு பக்கம் வெடி, இன்னொரு பக்கம் செண்டை, தலைக்கு மேலே டிரோன். மாப்பிள்ளை கார் வந்து சேரும்வரை அந்த வயசான யானை தார் ரோட்டில் நிற்கிறது. முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கிறது. அதைப் பார்த்து "ஆட்டம் செம" என்று எழுதியிருக்கிறார்கள். அது ஆடவில்லை ஐயா. கால் சுடுகிறது, இல்லையென்றால் வலிக்கிறது.

"இந்த யானைக்கு இனிமேல் வேலை வேண்டாம், மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புங்கள்" என்று கீழே எழுதினேன். அவ்வளவுதான். அதற்குள் நான் சாமி கும்பிடாதவள் ஆகிவிட்டேன், வெளிநாட்டுக் காசு வாங்குகிறவள் ஆகிவிட்டேன். "இவளுக்கு ஊர்ப்பெருமை பிடிக்காது" என்று எழுதியது என் சொந்த அத்தான். நான் பிறந்தது திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்குப் பக்கத்தில். ஆனித் தேரோட்டத்துக்கு வடம் தொடாமல் ஒரு வருஷம் விட்டதில்லை. ஊர்ப்பெருமையை எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

திரும்பச் சொல்கிறேன். வேலை செய்த யானைக்கு ஓய்வு வேண்டும். ஆனைமலை கோழிகமுத்தி முகாமில் கலீம் என்ற கும்கி இருக்கிறானே, காட்டு யானைகளைப் பிடிக்கவும் விரட்டவும் பழக்கிய யானை, 99 ஆபரேஷனில் வேலை பார்த்தவன். 60 வயசில், 2023 மார்ச்சில், வனத்துறை அதிகாரிகள் வரிசையாக நின்று சல்யூட் அடித்து ஓய்வு கொடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து எத்தனை பேர் கண்கலங்கினீர்கள்! அந்த மரியாதை கல்யாணத்துக்கும் சடங்குக்கும் வாடகைக்குப் போகிற யானைக்கு ஏன் இல்லை? அது உழைக்கவில்லையா?

என் தாய்மாமா செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதினார். லீவுக்குப் போனால் ஆரியங்காவு பக்கம் மரத்தடி ஏற்றுகிற இடத்துக்கு எங்களையும் கூட்டிப்போவார். அங்கே ஒரு கொம்பன் யானை. தடியில் கட்டிய வடத்தைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, ஓடைச் சரிவிலிருந்து மேலே இழுத்து வரும். எங்களுக்கு வேடிக்கை, கை தட்டுவோம். பிறகு கிரேன் வந்தது. தடி இழுக்க யானை தேவைப்படவில்லை. வேலை நின்றதும் அதைக் காட்டுக்கா விட்டார்கள்? மில்லுக்குப் பின்னால் சங்கிலியில் கட்டிப்போட்டார்கள், அப்புறம் திருவிழா வாடகைக்குக் கொடுத்தார்கள். ஒருநாள் மாமா வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தார். "பாதம் பூரா புண்ணு, பாத்துக்கிட முடியல" என்று அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு எங்களை அங்கே கூட்டிப்போகவேயில்லை. இன்றைக்கு மண்டப வாசலில் நிற்கிற யானைகளில் பலவற்றுக்கும் இதுதான் கதை. தடி இழுக்கிற வேலை போனது, அலங்கார வேலை வந்தது. சங்கிலி மட்டும் மாறவில்லை.

"அப்போ காட்டுல விட்டுரலாமா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊருக்குள் வந்துகொண்டிருந்த காட்டு யானை அரிக்கொம்பனை 2023-ல் நம்ம களக்காடு முண்டந்துறையில் விட்டார்களே என்கிறார். தம்பி, அவன் காட்டிலேயே வளர்ந்தவன். நாற்பது வருஷம் கவளம் வாங்கித் தின்ற யானை காட்டில் என்ன செய்யும்? அதனால்தான் மறுவாழ்வு மையம் என்கிறேன். மரம், தண்ணீர், மண் தரை, டாக்டர், கூட இன்னும் நாலு யானை. திருச்சி எம்.ஆர்.பாளையத்தில் 2019-லிருந்து அப்படி ஒன்று நடக்கிறது. பொதிகைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கோட்டூரில் இருக்கிறது. அதே மலை, அதே மழை. இந்தப் பக்கம் 2022-ல் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவித்தாயிற்று, அது காட்டு யானைக்கு. பாபநாசம், களக்காடு அடிவாரத்தில் நாட்டு யானைக்கு ஓர் இடம் ஒதுக்க முடியாதா?

பாகர்களின் பிழைப்பு என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் நியாயமானது. அதற்கு மரியாதையாகவே பதில் சொல்கிறேன். யானை போகிற இடத்துக்குப் பாகரும் போகட்டும், அரசுச் சம்பளத்தில். அந்த யானைக்கு அவர் குரல்தானே தெரியும். இருவரையும் பிரிக்கச் சொல்ல நான் யார்? 2024 நவம்பரில் திருச்செந்தூரில் கோயில் யானை தெய்வானையிடம் மாட்டி அவளுடைய பாகரும் அவர் உறவினரும் செத்துப்போனார்கள். தினமும் கூட இருந்தவருக்கே அந்த கதி. வெடிச்சத்தத்துக்கு நடுவே யானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் உயிரைப் பற்றி வீடியோ எடுத்தவர்கள் யாராவது யோசித்தீர்களா?

"மாட்டை மட்டும் கட்டலாமோ?" என்பவர்களுக்கு இன்று பதில் சொல்லத் தெம்பில்லை.

மரபு என்கிறீர்கள். நம்ம நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதியை நினைத்து நான் அழுத அழுகை என் வீட்டுக்காரருக்குத் தெரியும். 2022-ல் மூட்டுவலியோடு நடந்தவளுக்குப் பக்தர்கள் சேர்ந்து 12,000 ரூபாயில் தோல் செருப்பு தைத்துக் கொடுத்தார்கள். அது அன்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2025 ஜனவரியில் படுத்தவள் எழவில்லை, 56 வயசு. கலீம் ஓய்வு பெற்ற வயசைக்கூட அவள் பார்க்கவில்லை. பெண் யானைகள் அம்மா, மகள், பேத்தி என்று கூட்டமாகவே ஆயுசு முழுக்க வாழ்பவை. அவளைச் சுற்றி ஆயிரம் பேர் இருந்தோம், இன்னொரு யானை இல்லை. இதைச் சொன்னால் சாமிக்கு எதிரியா? 2023-லேயே ஐகோர்ட் மதுரைக் கிளை இனி கோயிலோ தனியாரோ யானை வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அந்த நீதிபதியும் சாமி கும்பிடாதவரா?

நான் எழுதியதை அழிக்கச் சொல்லி ராத்திரி மட்டும் மூன்று போன். அழிக்க மாட்டேன். அத்தான், உங்கள் மகளை என் மடியில் வைத்துத்தான் காது குத்தினீர்கள். அவள் சடங்குக்கும் யானை பேசியிருப்பதாக அம்மா சொன்னாள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பி வாங்க வேண்டாம், அந்தப் பாகரே வைத்துக்கொள்ளட்டும். யானை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். சீர்த்தட்டோடு முதல் ஆளாக வருகிறேன். வாசலில் யானை நின்றால் நான் வரவில்லை.